மீன் முட்டைக்குக் காவல் மின்சாரம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

அறிவியல் பக்கத்தில் வந்த கருவுறுதல் கட்டுரையில், முதல் விந்தணு சேர்ந்ததும் முட்டைச் சவ்வின் மின்னழுத்தம் மாறி மற்றவற்றைத் தடுத்துவிடும் என்று மீனையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்கள். அது கடல் முள்ளெலிக்குப் பொருந்தும். பெரும்பாலான எலும்பு மீன்களின் முட்டையைச் சுற்றிய தடித்த உறையில் இருப்பது ஒரே ஒரு நுண்துளை. விந்தணுவுக்கு வேறு வாசல் கிடையாது. ஜப்பானிய மெடாக்கா மீனின் முட்டையில் மின்னழுத்தத்தை மாறவிடாமல் பிடித்து வைத்து ஆய்வாளர் நுச்சிடெல்லி 1980-இல் சோதித்தார். அப்படியும் முட்டை ஒழுங்காகவே கருவுற்றது.

மின்மாற்றம் நடக்கத்தான் செய்கிறது. கருவுறாத மெடாக்கா முட்டையின் உட்புறம் சராசரியாக −39 மில்லிவோல்ட். விந்தணு சேர்ந்ததும் 4 மில்லிவோல்ட் போல அது தளரும், அதாவது சுழியத்தை நோக்கி நகரும். சுமார் 20 வினாடிக்குப் பின் எதிர்த்திசையில் 31 மில்லிவோல்ட் அளவுக்கு இறங்கி, இந்த இறக்கம் சுமார் இரண்டரை நிமிடம் நீடிக்கும். ஆனால் முட்டையை எழுப்புவது, அதாவது வளரத் தூண்டுவது, கால்சியம். ஜெல்லிமீனிலிருந்து எடுத்த ஈக்வோரின் என்ற ஒளிரும் புரதத்தை முட்டைக்குள் செலுத்தி, ரிட்ஜ்வே, கில்கி, ஜாஃபி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1977-இல் இதைக் காட்டினார்கள். நுண்துளைப் பக்கம் தொடங்கும் கால்சியம் அலை, வினாடிக்குப் பத்து மைக்ரோமீட்டர் அளவில் நகர்ந்து மறுமுனை சேர்கிறது. அது போகும் வழியெல்லாம் சவ்வடியில் உள்ள நுண்குமிழ்கள் வெடித்து, உறை விலகி இறுகுகிறது. இறுகுவதற்கும் கால்சியம் வேண்டும்.

கல்லூரி ஆய்வகத்தில் இந்த மின்மாற்றத்தை அளந்து பார்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். முட்டையை வைக்கும் உப்புநீரான யமமோட்டோ கரைசலுக்கு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 7.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.2, கால்சியம் குளோரைடு 0.2, சோடியம் பைகார்பனேட் 0.02 கிராம். கடைசி இரண்டையும் தனித்தனியே கரைத்து, பெருமளவு நீரில் சேருங்கள்; அடர்த்தியாகக் கலந்தால் சுண்ணாம்பாகப் படிந்து கால்சியம் வீணாகும். முட்டைக்குள் செருகும் ஊசி போன்ற கண்ணாடி மின்முனையில் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு நிரப்பும்போது காற்றுக்குமிழ் தங்கினால் அளவீடு அலையும். உறை இறுகிய பின் குத்தினால் முனை உடையும், ஆகவே கருவுறுமுன்பே செருக வேண்டும். இதில் ஒரு சிக்கல்: கால்சியம் உள்ள நீரில் குத்துவதே முட்டையை எழுப்பிவிடலாம். விந்து சேர்க்காமல் குத்திய முட்டையையும் உடன் வைத்து ஒப்பிடாவிட்டால், பதிவான மாற்றம் விந்தணுவால் வந்ததா ஊசியால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

வெளிநீரில் கால்சியம் அறவே இல்லாவிட்டால் ஊசியைச் சுற்றிச் சவ்வு ஒட்டாமல் கசிந்து, மின்னழுத்தம் சுழியத்தை நோக்கிச் சரியும். கருவி கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

இப்படிக்கு,
மீன் உயிரியல் ஆசிரியர்கள் இருவர்