அக்காவுக்கு, ஈஸ்ட் ஹாமிலிருந்து

லண்டன்
16 டிசம்பர் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. கஜா புயல் அடித்து இன்றோடு ஒரு மாதம். நான்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். செல்வம் மாமா போனில் "எல்லாரும் உசிரோட இருக்கோம்" என்று சொன்னதை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். தப்புதான். கரண்டு வந்துவிட்டதா?

நான் நன்றாக இருக்கிறேன். கடையில் இப்போது வேலை குறைவு, ஓய்வு நிறையக் கிடைக்கிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. இங்கே முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது. ஒரு ஆளுக்கு எதற்குச் சாம்பார் என்று நான்தான் வாங்குவதில்லை.

தினமும் காலையில் தோட்டத்துத் தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதும் பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, அவர்தான் புதன்கிழமை என்னைத் தேம்ஸ் கரைக்கு அழைத்துப் போனார். பாவம், அவருக்கும் பேச்சுத்துணை வேண்டும். அங்கே டேட் மாடர்ன் என்று பெரிய கலைக்கூடம். ஒரு காலத்தில் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுத்த இடம், புகைபோக்கி இன்னும் நிற்கிறது. அதன் வாசலில் 24 பனிப்பாளங்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒன்றரை டன்னிலிருந்து 6 டன் வரை. கிரீன்லாந்துப் பனியிலிருந்து உடைந்து நூப் காங்கெர்லுவா என்ற குடாவில் மிதந்தவற்றைக் கப்பலேற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞரும் மினிக் ரோசிங் என்ற புவியியலாளரும் சேர்ந்து செய்தது. 2014இல் கோபன்ஹேகனிலும், மறுவருஷம் பருவநிலை மாநாடு நடந்தபோது பாரிஸிலும் இப்படி வைத்தார்களாம்.

கயிறு கட்டவில்லை. யாரும் தொடலாம். பிள்ளைகள் கட்டிப்பிடித்தார்கள், ஒரு பொடியன் நக்கியே பார்த்தான். தாத்தா காதை வைத்துக் கேள் என்றார். கேட்டேன். உள்ளே பட் பட்டென்று சின்னதாக வெடிக்கிறது அக்கா, எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி. பனி இறுகியபோது சிக்கிய காற்று, ஆயிரக்கணக்கான வருஷத்துக் காற்று, அப்போதுதான் வெளியே வருகிறது. எனக்கு அம்மாவின் அடுப்பங்கரைதான் ஞாபகம் வந்தது. கண் கலங்கிவிட்டது. தாத்தா பார்த்தார். குளிர்காற்று என்று சொல்லிவிட்டேன்.

கிரீன்லாந்துப் பனி முழுக்க உருகினால் கடல் 7 மீட்டர் உயரும் என்று முன்பே படித்திருக்கிறேன். படித்துவிட்டுத் தூங்கியும் இருக்கிறேன். அன்றைக்குக் கை மரத்துப்போய், விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தபோது, நம் வீட்டிலிருந்து மல்லிப்பட்டினம் கடற்கரை எத்தனை மைல் என்று மனசு கணக்குப் போட்டது. உருகுவதைக் காட்ட இவ்வளவு தூரம் கப்பலில் எண்ணெய் எரித்துக் கொண்டுவரணுமா என்று கேட்கிறவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் தொட்டுப் பார்க்காமல் எனக்கு உறைத்திருக்காது.

மறுநாள்தான் உன் கடிதம். அப்பா தென்னந்தோப்புப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். அவரைத் திட்டாதே. நம் தாத்தா காலத்து மரங்கள், ஒரே ராத்திரியில் போய்விட்டன. இருந்தாலும் வெட்டி ஏற்றுவதற்குள் ஒருதரம் கூட்டிக்கொண்டு போ. விழுந்த மரத்தில் கைவைத்துக் கொஞ்ச நேரம் உட்காரட்டும். நீ பேசாமல் பக்கத்தில் இரு, போதும்.

அப்புறம், மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசாங்கம் அறிவித்திருக்கிறதே, கணக்கெடுப்பில் நம் மரங்கள் எத்தனை என்று எழுதியிருக்கிறார்கள்? விடுபட்டிருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு உடனே மனு கொடு. செங்கல் சூளைக்காரர்கள் வந்த விலைக்குக் கேட்பார்கள், அவசரப்பட்டுத் தள்ளிவிடாதே. அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கவே கூடாது. இந்த மாதப் பணம் கொஞ்சம் தாமதமாகும், பண்டிகை விடுமுறை, வேறொன்றுமில்லை. தை பிறந்ததும் சேர்த்து அனுப்புகிறேன்.

இன்று மார்கழி பிறந்துவிட்டது. இந்த வருஷம் வாசலில் பூசணிப்பூ வைத்தாயா?

தென்னங்கன்று வாங்குவதற்கு முன், நெட்டையா குட்டையா என்று அப்பாவிடமே கேள். நீயும் மச்சானும் முடிவு பண்ணிவிட வேண்டாம். அவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

உன் தம்பி
குமார்