மக்கள் நீதிமன்றத் தேதியை முன்கூட்டியே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வழக்குகளைச் சமரசமாகப் பேசித் தீர்க்கும் தேசிய மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்) ஒவ்வொரு முறையும் முடிந்த மறுநாள், இத்தனை வழக்குகளுக்குத் தீர்வு, இத்தனை கோடி என்று உங்கள் நாளிதழில் படத்தோடு செய்தி வருகிறது. ஆனால் கல்யாணம் முடிந்த பிறகு பத்திரிகை வைக்கிற மாதிரி இருக்கிறது. இது எனக்கு ஏன் உறுத்துகிறது என்று சொல்லத்தான் எழுதுகிறேன், நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நான் வீட்டில் இருந்தபடியே பீஸ் கணக்கில் பிசிறு வெட்டுகிறேன். இருவர் வருமானமும் சேர்ந்து 24,000 வந்தால் அது நல்ல மாதம். மூன்று வருடம் முன்பு மாமியாருக்கு ஆபரேஷன் என்றபோது கிரெடிட் கார்டில் 62,000 தேய்த்தோம். (அரசு காப்பீட்டு அட்டையில் அவர் பெயரைச் சேர்க்காமல் விட்டிருந்தோம், அது எங்கள் தப்பு.) மாதாமாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய மினிமம் டியூ மட்டும் கட்டினால் போதும் என்று கட்டிக்கொண்டே வந்தோம். அப்புறம் ஆர்டர் இல்லாமல் கம்பெனியில் வாரம் நாலு நாள் வேலை என்றானதும் அதுவும் நின்றது. கடன் 1,12,000-ல் போய் நின்றபோதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாதம் மூன்றரை சதவீதம் வட்டி, அந்த வட்டிக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக மாதம் 4,600 வட்டிக்கே போகிறது. மினிமம் 5,600 கேட்கிறார்கள். எல்லாச் செலவும் போக எங்கள் கையில் நிற்பது 2,200.

வசூலுக்குப் பேசுகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. எங்களுக்கு ராத்திரி எட்டரைக்கு போன் வரும், ஒருமுறை வீட்டு ஓனருக்கே போனது. வங்கியின் பெயரை எழுத விரும்பவில்லை, இந்த விஷயத்தில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. இப்படி நடந்தால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் சரியில்லை என்றால், வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) போகலாம், அதற்குக் காசு கிடையாது. நான் புகார் எழுதிய பிறகு ராத்திரி போன் நின்றது.

பெரிய ஏமாற்று வேறு இடத்தில் நடந்தது. முழுக் கடனுக்குப் பதில் ஒரு குறைந்த தொகையைக் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள் வசூல் ஏஜென்ட் தேனாகப் பேசினார். "மேடம், உங்களுக்காக 55 ஆயிரத்துக்கு அப்ரூவல் வாங்கிட்டேன், இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்தான் டைம், ஐயாயிரம் டோக்கன் போடுங்க, லெட்டர் பின்னாடியே வந்துடும்." பக்கத்து வீட்டு அக்காவிடம் கைமாற்று வாங்கிப் போட்டேன். லெட்டர் இன்று வரை வரவில்லை. அந்த 5,000 சாதாரணக் கட்டணமாக வட்டியில் கரைந்தது, அவர் நம்பருக்குப் பேசினால் வேறொருவர் எடுத்து, அந்த ஏஜென்ட் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார். கடிதத்தை முதலில் கையில் வாங்க வேண்டும், அதில் வங்கியின் பெயர், கார்டின் கடைசி நாலு எண், தொகை, தேதி, இத்துடன் முழுக் கடனும் தீர்ந்தது என்ற வார்த்தை எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பணம், அதுவும் வங்கிக் கணக்குக்கு மட்டும். 5,000 கொடுத்துப் படித்த பாடம்.

இதற்கு நடுவில் நீதிமன்ற முத்திரையோடு ஒரு நோட்டீஸ் வந்தது. என் வீட்டுக்காரர் போலீஸ்தான் வரப்போகிறது என்று பயந்து, பிரிக்காமலே முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. எடுத்துப் பிரித்தால், வழக்குப் போடும் முன் சமரசம் பேச மக்கள் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி அழைப்பு, தேதி முந்தைய நாள்.

அடுத்தது செப்டம்பரில். இந்த முறை நானே நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். கட்டணம் இல்லை. பெண்களுக்கும், எஸ்சி எஸ்டி மக்களுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு என்று சட்டமே சொல்கிறதாம். கம்பெனித் தொழிலாளிகள் இத்தனை பேர் இருக்கிற திருப்பூரில் இது எத்தனை பேருக்குத் தெரியும்?

அன்று ஒரு மேஜை, எதிரே ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா ஒருவர், ஒரு வக்கீல், பக்கத்தில் ஃபைலோடு வங்கி அதிகாரி. அவர் 90,000-ல் ஆரம்பித்தார். நான் ஒன்றும் பேசாமல் வீட்டுக் கணக்கு நோட்டைப் பிரித்து வைத்தேன். வாடகை 6,500, பால் 1,200, ஸ்கூல் வேன் 1,100, எல்லாம் ஆறு மாதத்துக்குத் தேதி போட்டு எழுதியது. அவர் 75,000 என்றார், நான் 40,000 என்றேன். நீதிபதி அம்மா நோட்டைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்துப் படித்து, "மாத்திரைக்கு மட்டும் 1,400 ஆகுதா?" என்று கேட்டார். வங்கி அதிகாரி வெளியே போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்து, 48,000, இரண்டு தவணை என்றார். நான் முன்பு போட்ட 5,000-ஐக் கழிக்கச் சொன்னேன், அதற்கு மட்டும் மசியவில்லை.

48,000-க்கு எப்படிச் சரி என்றேன் என்றால், எங்கள் 50,000 ரூபாய் ஏலச்சீட்டில் தள்ளு (சீட்டை முன்கூட்டி எடுக்க ஏலத்தில் விட்டுக்கொடுப்பது) 9,000, கமிஷன் 2,500 போக 38,500 கிடைக்கும் என்று முன்பே பார்த்து வைத்திருந்தேன். மீதி 9,500 தீபாவளி போனஸில். அதனால் முதல் தவணை 30,000 செப்டம்பர் கடைசி, இரண்டாவது 18,000 போனஸ் வந்த பிறகு என்று தேதியை நானே கேட்டு வாங்கினேன். தேதி தவறினால் சலுகை ரத்து, முழுக் கடனும் திரும்ப வரும் என்று அதிலேயே எழுதியிருக்கும், ஆகவே தொகையைவிட தேதிக்குத்தான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டும். பேச்சு படியவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம், நஷ்டமில்லை. படிந்து கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். நாம் கடனை எப்படிக் கட்டினோம் என்று காட்டும் சிபில் அறிக்கையில் எங்கள் கணக்கு 'குளோஸ்டு' (முழுதாகக் கட்டி முடித்தது) என்று இல்லை, 'செட்டில்டு' (குறைத்துக் கட்டி முடித்தது) என்று இருக்கிறது, வீட்டுக்காரருக்கு வண்டிக் கடன் இப்போதைக்குக் கனவுதான். அதையும் வங்கி மூன்று மாதம் மாற்றாமல் இழுத்தது. ஆன்லைனில் புகார் போட்டேன், 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று விதி இருப்பதாலோ என்னவோ 26-வது நாளே மாற்றிவிட்டார்கள். சிபிலோடு சேர்த்து இப்படி நாலு கம்பெனிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு ஒரு அறிக்கை இலவசம். இதற்குப் போய் 'உங்கள் கடனைப் பாதியாக்கித் தருகிறோம்' என்று போனில் வரும் விளம்பரக்காரர்களுக்கு ஃபீஸ் கட்டாதீர்கள்.

ஆசிரியரிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த மக்கள் நீதிமன்றத்துக்குப் பத்து நாள் முன்பே தேதியும் இடமும் போடுங்கள், உள்ளூர்ப் பக்கத்தில், ஏல விளம்பரங்களுக்குக் கீழே அல்ல, மேலே. கூடவே ஒரு வரி, 'இந்த நோட்டீஸ் கைதுக்கு அல்ல, பேசுவதற்கு' என்று. எங்கள் சந்திலேயே இன்னும் இரண்டு வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் கவர் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்.