செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகளே, வணக்கம்.

நம் புகைப்படக் கழகத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. காந்தி வீதி ஞாயிறு சந்தைக்கும் வைத்திக்குப்பம் மாசிமகத் தீர்த்தவாரிக்கும் கேமராவோடு வந்தவர்களில் புதியவர்களே அதிகம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இங்க் செலவைக் கேட்டு யாரும் அவர்மேல் பாய வேண்டாம். காரணத்தை நான் சொல்கிறேன்.

டிசம்பரில் வைக்க இருந்த கறுப்பு வெள்ளைக் கண்காட்சி, நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலால் தள்ளிப்போனது. வெள்ளம் வடிந்ததும் இங்க்ஜெட் பிரிண்டரில் படங்களைப் பிரிண்ட் போட்டோம். நேராகப் பார்த்தால் குறையில்லை. விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால், இரவுக் கடலின் கறுப்பில் ஊசியால் குத்தியதுபோல் வரிசையாகப் புள்ளிகள். பேப்பர் வெளியே வரும் இடத்தில் அதை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பல்சக்கரங்களின் தடம் அது. கறுப்புக்கு இங்க் நிறைய இறங்கும். உலராமல் சக்கரத்தடியில் போனால் பளபளப்பான கிளாஸி பேப்பரின் மேல்பூச்சு குழியும். மழைக்கால ஈரக்காற்றில் உலர்வது இன்னும் தாமதம்.

"கண்ணாடி போட்டு மாட்டினா தெரியாது சார்" என்றார் பிரிண்டர் விற்றவர். விளக்கு சாய்வாக விழும் கூடத்தில் அந்தச் சமாதானம் எடுபடாது.

பலன் தந்தது இதுதான். பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரில் உலரும் நேரத்தைக் கூட்டி, கறுப்பின் ஆழம் கெடாத அளவுக்கு இங்க் அடர்த்தியைக் குறைத்தோம். பேப்பர் வகையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் இங்க் அளவும் தப்பிப்போகும், அதையும் சரிபார்த்தோம். சுருண்ட தாளை எதிர்ப்பக்கம் தளர்வாகச் சுருட்டி நிமிர்த்தினோம். தடித்த தாளைக் கீழ்த்தட்டில் அடுக்காமல், பின்பக்க வழியாக ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். சக்கரத்தில் ஒட்டிய இங்க் போக, வெறும் தாள்களை ஓட்டினோம்.

ஓரத்தில் தேய்த்தாற்போல் கறை விழுந்தால் அது சக்கரத் தடமல்ல. சுருண்ட தாளில், இங்க் தெளிக்கும் ஹெட் உரசியது. அதற்கு ஹெட்டுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து வைத்தியம் பார்த்ததில்தான் பாதி இங்க் போனது.

சில படங்களைப் பளபளப்பில்லாத மேட் பேப்பரில் போட்டோம். தடம் கண்ணில் படவில்லை, ஆனால் கறுப்பு சாம்பல் பூத்தது. சந்தைப் படங்களுக்கு அது பொருந்தியது. கடல் படங்களுக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் பேப்பர் வைக்க ஈரம் புகாத பெட்டி ஒன்று வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்
புதுச்சேரி