ஆழம் போட்டீர்கள், தேதி எங்கே?

வழிகாட்டி நூல் தயாரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். பாக் விரிகுடாவிலிருந்து தூத்துக்குடி வரை சிறிய பாய்ப்படகில் வருகிறவர்களுக்கான உங்கள் வழிகாட்டியின் வரைவை இரண்டு முறை படித்தேன். விளக்குகள் பற்றிய பகுதி நன்றாக வந்திருக்கிறது, அதில் கைவைக்க வேண்டாம். குறை வேறு இடத்தில். எந்த ஆழத்தை யார் அளந்தார்கள், எப்போது அளந்தார்கள் என்று புத்தகத்தில் ஓரிடத்திலும் இல்லை.

பாம்பன் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் பாலத்தின் இரண்டு கைகளும் மேலே தூக்கும்வரை காத்திருக்கச் சொல்கிறீர்கள். அது 1914-இல் திறந்த பாலம். 2022 டிசம்பரிலேயே அதில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் ஏறுகிறது. சரி, அது ஏறட்டும். பக்கத்திலேயே 1988-இல் வந்த சாலைப் பாலம் ஏறாதே! பாய்மர உயரத்தை இரண்டில் எது தாழ்வோ அதோடுதான் ஒப்பிட வேண்டும். வரைவிலோ சாலைப் பாலத்துக்குக் கிடைத்தது, அங்கிருந்து காட்சி அழகாக இருக்கும் என்ற ஒரு வரி.

பாலமாவது நின்ற இடத்தில் நிற்கிறது. மணல் நிற்பதில்லை. வாடைக் காலத்தில் நீரோட்டம் மன்னார் வளைகுடா பக்கம் இழுக்கும், தென்மேற்குப் பருவத்தில் எதிர்ப்பக்கம் திரும்பும், மணலும் அதோடு இடம் மாறும். அதனால்தான் ஆழத்துக்குத் தேதி கேட்கிறேன். ஆங்கிலக் கால்வாயில் படகோட்டிப் பழகியவர், தரைதட்டினால் அடுத்த கடல் ஏற்றத்தில் மிதந்துவிடலாம் என்று தைரியமாக இருப்பார். இங்கே ஏற்றவற்றமே ஒரு மீட்டருக்குள். தட்டினால் தட்டியதுதான். ஜிபிஎஸ் காலத்துக்கு முந்தைய எவரெஸ்ட் என்ற அளவைக் கணக்கின்படி வரைந்த கடல் படத்தின் மேல் ஜிபிஎஸ் புள்ளியை அப்படியே வைத்தால் வரும் விலகல் வேறு. குறுகிய வாய்க்காலில் அது ஒன்றே போதும், படகு மணலில் ஏற.

தீவுகளின் மறைவில் நங்கூரம் போடலாம் என்று எழுதியதை தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது, அடியில் பவளப்பார் வேறு. போதாததற்கு, 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. உங்கள் படத்தில் இரண்டும் இன்னும் பச்சை நிறத்தில் இருக்கின்றன.

"மீன்பிடிப் படகுகள் எதிர்ப்படலாம்" என்ற வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்துப் போகிறார்கள். இன்று ராத்திரி எந்த வலை கடலில் கிடக்கும் என்பதை அதைக் கொண்டே ஓரளவு சொல்லிவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கிடக்கும். இரவில் தனியாக வருகிறவருக்கு இதைவிட உதவும் தகவல் வேறு இல்லை, அதுவே உங்கள் நூலில் இல்லை. பாம்பன் கரையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தாலே கிடைத்திருக்கும்.

தை பிறந்து வாடை தணிந்ததும் வாருங்கள். அளவுக்கயிறும் ஈயக்குண்டும் என்னிடம் இருக்கின்றன, படகு தருகிறேன். தேதி போடும் பேனாவை மட்டும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
பாம்பன் கரையிலிருந்து ஒரு பாய்ப்படகுக்காரன்