மைக்கில் ‘கைத்தறி’ என்று சொல்வதற்கு முன்: பினாங்கு விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் விழா எடுக்கும் இயக்கத் தலைவர்கள், செயலாளர்கள், கோயில் நிர்வாகத்தினர், மேடைக்குப் பொன்னாடை வாங்கும் வேலை யார் தலையில் விழுந்திருக்கிறதோ அந்த அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். ஹாலில் சோபா போட வேண்டிய இடத்தில் ஒரு தறி நிற்கிறது. ஏழு வருடமாக அதில் கழுத்துத் துண்டு நெய்கிறேன். பகலில் வேறு வேலை. இரவு ஏழிலிருந்து பத்து வரைதான் தறி, ஏனென்றால் அதற்குமேல் நூலை நெருக்கும் அச்சை இழுத்து அடித்தால் கீழ்வீட்டுப் பிள்ளைகள் தூங்க முடியாது. உங்கள் விழாக்களுக்கு வந்திருக்கிறேன், மாலை கட்டும் இடத்தில் உதவியிருக்கிறேன், சாப்பாடு பரிமாறியிருக்கிறேன். வெளியாள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நடந்தது இதுதான். இந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு விழாக் குழுவிலிருந்து கூப்பிட்டார்கள். மே மாதம் ஆசிரியர் தினத்தை ஒட்டி, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பாராட்டு விழா. “தங்கச்சி, இந்த முறை கடையில் வாங்கும் பொன்னாடை வேண்டாம், கைத்தறியாகப் போடலாம் என்று நினைக்கிறோம்” என்றார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. எத்தனை என்று கேட்டேன். 60. எப்போது வேண்டும்? ஐந்து வாரத்தில். விலை? ஒன்றுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்), “நம்ம விழாதானே, பார்த்துப் போட்டுக்கொடுங்க.”

என்னால் எட்டுதான் முடியும் என்று சொன்னேன். மூத்த எட்டுப் பேருக்கு மட்டும் கைத்தறி போடுங்கள், மற்றவர்களுக்கு நல்ல பருத்தித் துண்டு வாங்கிக் கொடுங்கள் என்றேன். கமிட்டியில் காட்டிவிட்டுத் தருகிறோம் என்று மாதிரிக்கு ஒரு துண்டை வாங்கிப் போனார்கள். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தது, பட்ஜெட் இல்லை என்றார்கள். சரி, அதில் எனக்கு வருத்தம் இல்லை, பணம் இருந்தால்தானே செய்ய முடியும்.

விழாவுக்கு அழைப்பு வந்தது, போனேன். ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, “பினாங்குத் தமிழ்ப் பெண் ஒருவர் தன் கையால் நெய்த கைத்தறிப் பொன்னாடை” என்று சொல்கிறார், மேடையில் ஒவ்வொரு தோளிலும் பளபளவென்று ஒரு பாலியஸ்டர் துணி ஏறுகிறது, அதில் இருப்பது என் கட்டம். பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். என் துண்டைப் படம் எடுத்துத்தான் போட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த மாதிரித் துண்டில் நான் ஒரு தப்புப் பண்ணியிருந்தேன். விழுது என்பது இழைகளைத் தூக்கி இறக்கும் சட்டம்; நான்காம் விழுதில் போக வேண்டிய ஓர் இழை மூன்றாம் விழுதில் போய்விட்டது, அதனால் ஒரு வரிசையில் மட்டும் அந்த வைர வடிவக் கட்டத்தின் முனை மழுங்கி மேலிருந்து கீழ்வரை கோடாக ஓடும். அது அவசரத்தில் என் கண் தவறிய பிழை, அதை விற்க மனம் வராமல்தான் மாதிரிக்கு வைத்திருந்தேன். அன்றைக்கு அந்தக் கோடு 60 பேர் தோளிலும் இருந்தது.

கட்டத்தை எடுத்துக்கொண்டதற்காக இந்த மடலை எழுதவில்லை. ஏறி இறங்கும் அந்தக் கட்டம் எனக்குச் சொந்தமில்லை, உலகத்தில் நாலு விழுது வைத்து நெய்கிற எல்லாருக்கும் பொது. எனக்கு நெய்யக் கற்றுக்கொடுத்த ஓய்வுபெற்ற சீன ஆசிரியை அதைப் பறவைக் கண் என்பார். காஞ்சிபுரத்துச் சேலையில் மயில்கண் என்று ஒன்று உண்டு, அது வேறு வேலைப்பாடு என்றாலும் அதை நினைத்துக்கொண்டுதான் நான் இதை நெய்கிறேன். கட்டத்தை யாரும் எடுத்துக்கொள்ளட்டும். கைத்தறி என்ற சொல்லை எடுத்து, நெய்யவே நெய்யாத ஒன்றின்மேல் போட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விழா முடிந்து மூன்றாம் நாள் ஒரு போன். மூன்றாம் ஆண்டில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த சார், எண்பதைத் தாண்டியவர், அன்று மேடையில் இருந்தவர்களில் ஒருவர். “அம்மா, நீ நெஞ்சதாமே அது, எனக்குத் தெரியாமப் போச்சே, சட்டையோட மடிச்சு அலமாரியில வச்சிருக்கேன்” என்றார். நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குரலுக்கு எப்படி இல்லை என்று சொல்வது? “நல்லா இருங்க சார்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு துண்டு எப்படி உண்டாகிறது என்று சொல்கிறேன், கேளுங்கள். விலையை நியாயப்படுத்த இல்லை, அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. என் துண்டு ஒன்பது அங்குல அகலம், அங்குலத்துக்கு 20 இழை, ஆக 180 இழை. இரண்டு துண்டுக்கு ஒரே பாவாக, அதாவது நீளவாக்கு நூலாக, ஐந்து மீட்டர் ஓட்டுவேன். 180 இழையும் ஐந்து ஐந்து மீட்டர் என்றால் பாவுக்கு மட்டும் 900 மீட்டர் நூல். அதைச் சுற்றி முடித்ததும் விழுதில் கோக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, திரும்ப மூன்று, இரண்டு என்று ஆறு ஆறு இழையாக 30 தடவை ஏறி இறங்க வேண்டும். ஒவ்வோர் இழையும் ஒரு கம்பிக் கண்ணுக்குள் போக வேண்டும், அப்புறம் சீப்பு மாதிரி இருக்கும் அச்சுக்குள் மறுபடி ஒரு முறை. இதில் ஓர் இழை தப்பினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன், துணி முழுக்கக் கூடவே வரும். கோத்து, கட்டி, இழுவையைச் சரிபார்த்த பிறகுதான் முதல் ஊடை, அதாவது குறுக்கு நூல். 72 அங்குல நீளம், அங்குலத்துக்கு 20 ஊடை, அதாவது ஒரு துண்டுக்கு, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா 1440 தடவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போகிறது, ஒவ்வொரு தடவையும் ஒரு மிதி, ஓர் அடி. மிதியின் வரிசையை மறந்தால் வைரம் உடையும், அடி ஒருநாள் கனமாகவும் மறுநாள் லேசாகவும் விழுந்தால் வைரம் நீளும், குறுகும். நான் கோபமாக இருந்த நாள் எது, களைத்திருந்த நாள் எது என்று என் துண்டைப் பார்த்து என்னால் சொல்ல முடியும்.

கடைசியில் முந்தி நூலை முறுக்கி முடிச்சுப் போட்டு, வெந்நீரில் அலசினால்தான் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் துணியாகும். தறியிலிருந்து இறங்கும்போது அது வெறும் பின்னல்தான், தண்ணீர் பட்ட பிறகுதான் கழுத்தில் படியும். எல்லாம் சேர்த்து ஒரு துண்டுக்கு எனக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது. 60 துண்டு என்றால் 720 மணி. இரவுக்கு மூன்று மணி நேரமாக 240 இரவு. ஐந்து வாரத்தில் எட்டு என்று நான் சொன்னது இந்தக் கணக்கில்தான்.

எனக்கு வீட்டில் யாரும் நெசவாளர் இல்லை. முதல் மூன்று வருடம் வார்ப், வெஃப்ட், ரீட் என்று டீச்சர் சொன்ன சொற்களிலேயே நெய்தேன். பிறகு ஈரோடு பக்கம் சென்னிமலை முருகனைப் பார்க்கப் போனபோது, மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் தறிச் சத்தம் கேட்டு ஒரு வீட்டு வாசலில் நின்றேன். அந்த ஊர்ப் போர்வைகள் பேர்போனவை. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த பெரியவர், மலேசியாவிலிருந்து வந்த பெண் தறியைப் பற்றிக் கேட்கிறாள் என்று வியந்துபோய், ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இது பாவு, இது ஊடை, இது விழுது, இது அச்சு, இது நாடா, நாடாவுக்குள் இருக்கும் நூல் சுற்றிய குழல் தார். நான் கையால் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்த வேலைக்கு அன்றைக்குத்தான் என் மொழியில் பெயர் கிடைத்தது. அதனால்தான் ‘கைத்தறி’ என்ற சொல் எனக்கு விளம்பர வாசகமாகக் கேட்பதில்லை. காலை அந்தக் குழிக்குள் விட்டு வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஒருவரின் பெயராகத்தான் கேட்கிறது.

நம் ஆட்களுக்கும் துணிக்கும் இந்த ஊரில் உள்ள உறவு இன்று நேற்று வந்ததா? இரவுச் சந்தையில் தொங்கும் கட்டம் போட்ட சாரத்தை மலாய்க்காரர்கள் காயின் பெலிக்காட் என்கிறார்களே, அந்தப் பெலிக்காட் நம் பழவேற்காடுதான். சோழமண்டலக் கரையில் நெய்த துணி அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி மலாக்காவுக்கும் இந்தத் தீவுகளுக்கும் வந்தது, ஊர்ப் பெயரே துணியின் பெயராக நின்றுவிட்டது. யார் நெய்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை, ஆனால் எந்தக் கரையிலிருந்து வந்தது என்பதை இன்னொரு மொழிக்காரர்கள் இத்தனை நூறு வருடம் மாற்றாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் மாடியில் திரெங்கானுவிலிருந்து வந்த ஒரு மாக்சிக், மலாய்க்கார அத்தை, இருக்கிறார்; அவர் அம்மா சொங்கெட் என்ற ஜரிகைத் துணி நெய்தவர். 2021இல் யுனெஸ்கோ சொங்கெட்டை மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது எனக்குச் சொல்ல ஓடி வந்தார். கடையில் தங்கக் கட்டம் அச்சடித்த துணியைக் காட்டி ஒருமுறை கேட்டேன், இதுவும் சொங்கெட்தானே என்று. இல்லை, இது சொங்கெட் படம் போட்ட துணி என்றார், கோபப்படாமல், சந்தேகமே இல்லாமல். அந்தத் தெளிவுதான் நமக்கும் வேண்டும் என்று கேட்கிறேன்.

இந்தியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கி 1985இல் சட்டம் கொண்டுவந்தார்கள், 2006இல் கைத்தறி முத்திரை என்று ஒரு குறியையும் கொண்டுவந்தார்கள், வாங்குகிறவர் பார்த்து வாங்கலாம். அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் என் துண்டில் அப்படி ஒரு முத்திரையும் கிடையாது. மேடையில் நீங்கள் மைக்கில் சொல்வதைத்தான் சபை நம்புகிறது, சார் நம்பினார்.

அதனால் கேட்கிறேன். பாலியஸ்டர் பொன்னாடை போடுவதை நான் குறை சொல்லவில்லை, உங்கள் பட்ஜெட் எனக்குத் தெரியும், மண்டப வாடகையும் சாப்பாட்டுச் செலவும் எப்படி ஏறியிருக்கிறது என்றும் தெரியும். அதைப் பொன்னாடை என்றே சொல்லுங்கள், அந்தச் சொல்லில் ஒரு குறையும் இல்லை. கடைக்காரர் கைத்தறி என்று கொடுத்தால் துணியைத் திருப்பிப் பாருங்கள்; அச்சடித்ததில் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறிக் கிடக்கும், என் மாதிரித் துண்டில் முன்னால் வெள்ளையாக இருக்கும் வைரம் பின்னால் நிறமாக இருக்கும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள், பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியாக உருண்டு நிற்கும். ஆனால் விசைத்தறியா கைத்தறியா என்பதை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு நெய்தவர் யார் என்று கேட்டால்தான் உண்டு. பெயரும் ஊரும் சொல்ல முடியாத துணியை மைக்கில் கைத்தறி என்று அறிவிக்காதீர்கள்.

இன்னொன்று. உண்மையிலேயே கைத்தறி போட ஆசைப்பட்டால், எண்ணிக்கையைக் குறையுங்கள். நம் மேடைகளில் வருகிற டத்தோ பட்டக்காரருக்கு ஒன்று, அவரோடு வந்தவருக்கு ஒன்று, கொடுத்தவருக்கே திரும்ப ஒன்று என்று போட்டு, விழா முடிந்ததும் பாதி நாற்காலியிலேயே கிடக்கிறது. நானே பல தடவை பொறுக்கி மடித்து வைத்திருக்கிறேன். நூறு போடுகிற இடத்தில், அன்றைக்கு யாருக்காக விழாவோ அவருக்கு மட்டும் ஒன்று போடுங்கள், மூன்று மாதம் முன்னால் சொல்லுங்கள், என்னிடம்தான் என்று இல்லை, சென்னிமலையிலிருந்து வரவழைத்தாலும் சரி. யார் நெய்தது என்று ஒரு வரி எழுதிக் கூடவே கொடுங்கள்.

அன்றைய குழுவில் இருந்தவர்கள் இதைப் படித்தால், உங்கள் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சாரிடம் நான் போகிறேன். இப்போது தறியில் ஓடுகிற பாவு அவருக்குத்தான், அரக்கில் வெள்ளை வைரம், 30 வரிசையையும் மூன்று முறை எண்ணிக் கோத்திருக்கிறேன். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய், அன்று தோளில் போட்டது நான் நெய்தது இல்லை என்று நானே சொல்லப்போகிறேன். உங்களில் ஒருவர் கூட வந்தால் எனக்குத் துணையாக இருக்கும். பத்து மணிக்கு அடுக்குமாடிக்குக் கீழே காத்திருப்பேன்.