"விமானி தவறு"ன்னு முடிக்கறதுக்கு முன்னாடி

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

எந்த விமான விபத்து நியூஸ் வந்தாலும் கடைசில 'விமானியின் தவறே காரணம்'னு ஒரு வரி போட்டு முடிச்சிடறீங்க, உங்க பேப்பர் மட்டும் இல்ல, எல்லாருமே தான். அந்த பைலட் கண்ணு முன்னாடி இருந்த ஸ்க்ரீன் அந்த நிமிஷம் என்ன காட்டுச்சு, எப்படி காட்டுச்சுன்னு யாருமே எழுதறதில்ல. நான் பைலட் கிடையாது, கம்ப்யூட்டர்ல சிமுலேட்டர் ஓட்டுற ஆளு, அந்த கிறுக்குல விசாரணை ரிப்போர்ட்டுங்கள படிக்கற பழக்கமும் ஒட்டிக்கிச்சு.

போன்ல மேப் பாக்கும்போது சிலருக்கு வண்டி திரும்பினா மேப்பும் கூடவே சுத்தணும், சிலருக்கு வடக்கு எப்பவும் மேலயே இருக்கணும், மாத்தி வச்சுட்டா ரெண்டு பேருமே தப்பான சந்துல போய் நிப்பாங்க. காக்பிட்ல இருக்கற ஆர்ட்டிஃபிஷியல் ஹொரைசன்லயும், அதாவது விமானம் எந்தப் பக்கம் சாயுதுன்னு காட்டற கருவிலயும், இதே வில்லங்கம் உண்டு. மேற்கத்திய டிசைன்ல குட்டி விமானப் படம் ஆடாம நிக்கும், பின்னாடி அடிவானக் கோடு சாயும். பழைய சோவியத் டிசைன்ல கோடு சாயாது, அந்த குட்டி விமானம் சாயும். அதாவது விமானம் வலப்பக்கம் சாஞ்சா மேற்கத்திய ஸ்க்ரீன்ல கோடு இடப்பக்கம் சாயும், சோவியத் கருவில பழகினவருக்கு பதட்டத்துல அது 'விமானம் இடப்பக்கம் சாயுது'ன்னு தோணிடலாம், உடனே வலப்பக்கம் திருப்புவாரு, இருக்கற சாய்வு இன்னும் மோசமாகும்.

வெளிய பாத்து தெரிஞ்சுக்கலாமேன்னு கேப்பீங்க. ராத்திரிலயும் மேகத்துக்குள்ளயும் வெளிய ஒண்ணுமே தெரியாது சார். காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்பும் மெதுவா சாஞ்சா கண்டுபிடிக்காது, நேரா போறோம்னே சொல்லிட்டு இருக்கும். அப்ப அந்த ஸ்க்ரீன விட்டா வேற கதி இல்ல.

2000 ஜனவரி 10, ஜூரிக்ல இருந்து கிளம்பின கிராஸ்ஏர் 498, சாப் 340 விமானம், சில நிமிஷத்துல விழுந்து 10 பேரும் போயிட்டாங்க. கேப்டன் சோவியத் வகை கருவில பழகினவரு, விமானம் வலப்பக்கம் சாய சாய அவரும் அதே பக்கமே திருப்பியிருக்காரு. பழைய பழக்கம் தலை தூக்கியிருக்கலாம்னு விசாரணைல சொல்லியிருக்காங்க. வேற காரணங்களும் அதுல இருக்கு, நான் மறைக்கல.

1992 ஜனவரி 20 ஏர் இன்டர் 148 கதை இன்னும் கொடுமை. ஏ320 விமானம் ஸ்ட்ராஸ்பர்க் பக்கம் மலைல மோதி 87 பேர் செத்தாங்க. இறங்கற கோணத்த 3.3 டிகிரின்னு வைக்க நினைச்சு, மோட் மாறி இருந்ததால நிமிஷத்துக்கு 3300 அடி இறங்கற மாதிரி செட் ஆயிருக்கலாம்னு விசாரணை பண்ணவங்க சொன்னாங்க. ஸ்க்ரீன்ல கோணம்னா -3.3, இறங்கற வேகம்னா நூறு அடி கணக்குல -33. ஒரு புள்ளி தான் சார் வித்தியாசம்! அப்புறமா இறங்கற வேகத்த நாலு இலக்கமா காட்டற மாதிரி மாத்தினாங்க. பைலட் தப்பு மட்டும்னா டிசைன எதுக்கு மாத்தணும்?

இது ஏதோ புதுசா நான் கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. 1947லயே ஃபிட்ஸ், ஜோன்ஸ்னு ரெண்டு பேரு அமெரிக்க ராணுவ விமானப்படைக்காக, பைலட்டுங்க மீட்டர தப்பா படிச்ச 270 சம்பவத்த சேத்து வச்சு பாத்தாங்க, அதுல மூணு முள்ளு வச்ச உயரமானில ஆயிரக்கணக்கான அடி தப்பா படிச்சது நிறைய வந்துச்சு.

அதுக்காக ஸ்க்ரீன்ல எல்லாத்தையும் கொட்டிட்டா சரியாயிடும்னும் நான் சொல்லல. கண்ணுக்கு நேரா கண்ணாடில நம்பர் காட்டற ஹட் வச்சு நாசா சிமுலேட்டர்ல சோதிச்சப்போ, ரன்வேல குறுக்க நின்ன விமானத்தையே சில பைலட்டுங்க கவனிக்கல.

அடுத்த தடவை விசாரணை ரிப்போர்ட் வந்தா, 'விமானி தவறு'ன்னு போடற அதே பத்தில ஸ்க்ரீன் என்ன காட்டுச்சுன்னு ரெண்டு வரியாவது சேத்துடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க வாசகர்