அப்பாவின் ஹெரால்டு: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பனுக்கு,

வணக்கம். உன் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்த பிறகுதான் அப்பாவுக்கும் எனக்கும் நிம்மதி வந்தது. கொட்டகையில் கிடக்கும் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் திரும்ப ஓட வைக்கப் போகிறோம் என்று நான் எழுதியதற்கு, இத்தனை பாடுபடுவதைவிட ஒரு மாருதி எஞ்சினைத் தூக்கி வைத்துவிடலாமே என்று கேட்டிருந்தாய். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அதைப் பேசினோம். வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அப்பா 1971-இல் அந்த வண்டியைப் பழையதாக வாங்கியபோது நாம் இருவரும் பின்சீட்டில் ஏறிக் குதித்தது உனக்கு நினைவிருக்கும். அது வண்டலூர் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் செய்த இரண்டு கதவு வண்டி; 948 சிசி எஞ்சின். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் அதன் மூலம். வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அங்கே டிரையம்ஃப் காரர்களுக்குப் பாடி செய்து கொடுத்துவந்த நிறுவனத்தைப் போட்டி நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டதால், சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தைத் தனியாகச் செய்து, வெவ்வேறு இடங்களில் அடித்த தகடுகளை அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி வண்டியை அமைத்தார்கள். அன்று அவர்களுக்கு நேர்ந்த நெருக்கடி இன்று எங்களுக்கு வரமாக வாய்த்திருக்கிறது. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த ஒரு குடும்பம் இந்த வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றிவிட முடிகிறது. பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாக முழுதாகச் சாய்வதால், அப்பா முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சின் வேலை பார்ப்பார். எண்பத்தாறு வயதில் இப்போதும் அங்கேதான் உட்காருகிறார். கை நடுங்குவதால் ஸ்பானர் மட்டும் என் மகள் கையில் இருக்கிறது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிப்பகுதி மரை வெட்டப்பட்டு, டிரன்னியன் என்னும் பித்தளைக் கூட்டுக்குள் திருகியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்குக் கிரீஸ் ஆகாது, 90 கியர் ஆயில்தான் விட வேண்டும் என்று அப்பா தொடக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். இடப்பக்கத்தை மகள் கழற்றினாள். வண்டி கடைசியாகச் சர்வீசுக்குப் போன பட்டறையில் அடைத்த கிரீஸ், சோப்புக்கட்டிபோல் இறுகி மேலேயே நின்றிருந்தது. அடியில் செந்நிறத் துருச்சேறு. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் கொடுத்ததும் அப்பா கண்ணாடியைக்கூடத் தேடாமல் கட்டைவிரல் நகத்தை மரையில் ஓட்டினார். மூன்றாவது சுற்றில் ஒரு பள்ளத்தில் நகம் நின்றது. அந்தப் பள்ளத்தில் விரிசல் விட்டால் ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும் என்று அவர் சொன்னபோது, அதுவரை செல்பேசியில் மூழ்கியிருந்த என் மகனும் எழுந்து வந்து அந்த மரையைத் தொட்டுப் பார்த்தான். இங்கிலாந்தில் இன்றும் அந்தப் பாகத்தைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். இரண்டு தண்டுகளுக்கும் சொல்லியிருக்கிறோம். மற்ற சில்லறைச் சாமான்களுக்காக மகனும் நானும் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் இரண்டு நாள் அலைந்தோம்.

உன் கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. வேறு எஞ்சின் வைத்தால் வண்டி ஓடும், இன்னும் வேகமாகவே ஓடும். ஆனால் அப்பாவின் விரல் நகத்துக்குத் தெரிந்தது எதுவும் பிள்ளைகளுக்கு வந்து சேராது. பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கிச் சேர்க்கும் சிங்க்ரோமெஷ் முதல் கியரில் இல்லாததால் வண்டி முழுதாக நின்ற பிறகே அதைப் போட வேண்டும் என்பது போன்ற பாடங்களை அந்த எஞ்சினும் கியர் பெட்டியும் இருந்தால்தானே அவர் சொல்லித்தர முடியும்? விதியும் அதையே கேட்கிறது. 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த விதிகளின்படி, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும்.

வெல்டிங்கை மட்டும் நாங்கள் தொடவில்லை. சேஸிஸின் பக்கக் கைகள் துருவேறிப் பொத்தலாகிவிட்டன. உயிரைத் தாங்கும் அந்த இடத்தில் பழகாத கை வைக்கக் கூடாது என்று அனுபவமுள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டோம். நிறத்தைப் பற்றி வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது. மகன் சிவப்பு வேண்டும் என்கிறான். கதவின் உள் அட்டையைக் கழற்றியபோது வெயில் படாமல் இருந்த பழைய இளநீலத்தைக் கண்ட என் மனைவி அதைத் தவிர வேறெதற்கும் சம்மதிக்க மறுக்கிறாள். எனக்கும் நீலமே பிடித்திருக்கிறது.

உன்னால் ஓர் உதவி ஆக வேண்டும். உன் மைத்துனர் வீட்டுத் தோப்பில் ஒரு ஹெரால்டு பாகம் பாகமாகக் கிடப்பதாக முன்பு எழுதியிருந்தாய். அதன் இடப்பக்கப் பின்விளக்குக் கண்ணாடி உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து எழுது. இருந்தால், மகளை அழைத்துக்கொண்டு நானே வந்து கழற்றிக்கொள்கிறேன். அப்படியே உன்னையும் பார்த்தாற்போல் இருக்கும்.

அன்புடன்,
உன் நண்பன்